டபுள் பாஸுக்குச் சின்ன ஆம்ப்: கையில் 250 பவுண்டு, எதை வாங்குவது?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 3

லெஸ்டரில் இருக்கிறேன், டபுள் பாஸ் வாசிக்கிறேன். பியானோ, டிரம்ஸ், நான் என்று மூன்று பேர். டிரம்ஸ்காரர் பெரும்பாலும் குச்சிக்குப் பதில் பிரஷ்தான் (மெல்லிய கம்பிக் கற்றை) பிடிப்பார். காஃபி கடை, பப் என்று சின்ன இடங்கள். பாஸ் பழையது. வாங்கும்போதே, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கவாட்டுப் பிளவில் ஒரு பீசோ பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக்கும் கருவி) செருகியிருந்தது; யார் செய்தது என்று எங்கும் எழுதியில்லை. நண்பருடைய பாஸ் கிட்டார் ஆம்பில் போட்டுப் பார்த்தேன். ஒலி மெலிந்து கரகரக்கிறது. பாஸ் நாபைக் கூட்டினால் ஊளையிடுகிறது. கையில் 250 பவுண்டு இருக்கிறது, கார் இல்லை. எத்தனை வாட் வாங்க வேண்டும்? 15 அங்குல ஸ்பீக்கர் இல்லாமல் கீழ் ஈ (மிகத் தாழ்ந்த தந்தியின் சுரம்) ஒழுங்காகக் கேட்குமா?

பிப்ரவரி 3, இரவு

வாட்டைப் பிறகு பார்க்கலாம். மெலிந்த ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் பிக்கப்பும் ஆம்பும் சேரும் இடத்தில்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஆயிரம் பவுண்டுக்கு ஆம்ப் வாங்கினாலும் அதே மெலிந்த ஒலிதான் வரும், கொஞ்சம் சத்தமாக.

பீசோ என்பது அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகம். மின்னோட்டம் தர அதனிடம் வலு கிடையாது. மேல்தொட்டியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது, கீழே எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் எதிலும் வேகம் வராது, இல்லையா? ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (உள்ளே வரும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) குறைவாக இருப்பது அப்படித்தான். அதிலும் முதலில் போவது கீழ் ஒலிகள்.

கணக்கு எளிது. 2 பை, இம்பீடன்ஸ், பிக்கப்பின் மின்கொள்ளளவு (கெப்பாசிடன்ஸ்) மூன்றையும் பெருக்கி, அதனால் 1-ஐ வகுங்கள். எந்த அதிர்வெண்ணில் ஒலி மூன்று டெசிபல் இறங்கியிருக்கும் என்று கிடைக்கும். அதற்குக் கீழே இன்னும் சரியும். கொள்ளளவு ஒரு நானோ ஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பில் ஒரு மெகா ஓம் இருந்தால் 159 ஹெர்ட்ஸ் வருகிறது. உங்கள் பாஸின் நான்கு திறந்த தந்திகளும் அதற்குக் கீழே: ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98. அதே பிக்கப்பைப் பத்து மெகா ஓமில் செருகினால் 16 ஹெர்ட்ஸ், அதாவது எல்லாமே உள்ளே வந்துவிடும். மேடையில் கிடக்கிற சாதாரண பேசிவ் டிஐ பெட்டியில் (வாத்தியத்தை மேடை ஒலியமைப்போடு இணைக்கும், மின்சாரம் தேவைப்படாத பெட்டி) செருகினால்? அங்கே நூறு, நூற்றைம்பது கிலோ ஓம்தான் இருக்கும். ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் சரிந்துவிடும். பீசோ என்றாலே கேவலமான ஒலி என்று பலர் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆகவே முதலில் பீசோவுக்கென்றே செய்த ஒரு ப்ரீஆம்பை (ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார்செய்யும் சின்னப் பெட்டி) யாரிடமாவது இரவல் வாங்கி, அதே நண்பரின் ஆம்பில் போட்டுக் கேளுங்கள். அதற்கு முன்னால் கடைக்குப் போக வேண்டாம்.

பிப்ரவரி 4

கீழ் ஈ பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் மிகவும் பிடிவாதமானவன்.

41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். டபுள் பாஸின் உடம்பு ஒரு மீட்டர் சொச்சம்தான். அந்த அளவு உடம்பால் 41 ஹெர்ட்ஸைப் பெரிதாகக் காற்றில் தள்ள முடியாது. ஆம்ப் இல்லாமல் உங்கள் பாஸின் கீழ் ஈயைக் கேட்கும்போது காதுக்கு வருவது பெரும்பாலும் 82, 124, 165 என்று மேலே போகும் மேற்சுரங்கள். அடிப்படைச் சுரம் மெல்லியதாக இருந்தாலும், மேற்சுரங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து மூளை அதை ஈ என்றே அறிந்துகொள்ளும். அப்புறம் ஆம்ப் மட்டும் எதற்காக 41-ஐத் தள்ள வேண்டும்?

பிக்கப் வேறு மாதிரி. அது பிரிட்ஜின் அசைவைப் பிடிக்கிறது, காற்றை அல்ல. காற்றில் கேட்பதைவிடக் கீழ் ஒலி பிக்கப்பில் கூடுதலாக இருக்கும். அதை அப்படியே பெரிய பெட்டியில் விட்டால் ஒரே குமுறல். எந்தச் சுரம் என்று பியானோக்காரருக்கே தெரியாது.

ஸ்பீக்கர் பக்கமிருந்தும் பாருங்கள். ஒரே சத்தத்துக்கு, ஒரு ஆக்டேவ் கீழே போனால், அதாவது அதிர்வெண் பாதியானால், ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். எட்டு அங்குல ஸ்பீக்கரை 41-ல் அலறச் சொன்னால் பாதி வழியிலேயே கரகரக்கும். அதே ஸ்பீக்கரிடம் 80-க்கு மேலே மட்டும் கேட்டால் தெளிவாக, வேகமாக, நம்ப முடியாத சத்தம் தரும்.

எனவே எட்டு அல்லது பத்து அங்குலம் போதும். பதினைந்து அங்குலப் பெட்டியை நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன். பெரிய அறையில் அருமையான ஒலி, ஆனால் நான் வாசிக்கும் இடங்களில் பெரிய அறை எங்கே இருக்கிறது? லண்டன் பப்களில் டிரம்ஸுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் ஒரு நாற்காலி அகலம் கிடைத்தால் பெரிய விஷயம்.

பிப்ரவரி 4, மாலை

வாட் பற்றிச் சுருக்கமாக. 40 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது நான்கு டெசிபல். கேட்டால் தெரியும், பிரமாதமாகத் தெரியாது. இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கர் மூன்று டெசிபல் கூடுதல் திறனுள்ளதாக இருந்தால் அது வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம், ஆனால் அந்த எண்ணை யாரும் பெட்டியின் முகப்பில் அச்சிடுவதில்லை. பிரஷ் டிரம்ஸோடு 40 போதும். டிரம்ஸ்காரர் குச்சியை எடுத்துவிட்டால் 100 இருப்பது நிம்மதி.

பிப்ரவரி 6

பெயர்களைக் கேட்கிறீர்கள். சரி.

உங்கள் பணத்துக்கு நான் முதலில் பார்ப்பது ஃபெண்டர் ரம்பிள் 40. பத்து அங்குலம், 40 வாட், எட்டுக் கிலோ சொச்சம். பின்னால் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் இருப்பதால் பெரிய இடத்தில் பிஏவுக்கும் (கூட்டத்துக்கான பொது ஒலிபெருக்கி) அனுப்பலாம். இது பாஸ் கிட்டாருக்காகச் செய்தது; முன்பக்கம் இருக்கும் ஓவர்டிரைவ், கான்டூர், வின்டேஜ் பொத்தான்கள் எதையும் தொட வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்து, ஈக்யூவை (கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் நாப்கள்) நடுவில் வைத்துத் தொடங்குங்கள். அண்ணன் ரம்பிள் 100-க்குப் பன்னிரண்டு அங்குலம், பத்துக் கிலோ அளவு. பழையதாகக் கிடைத்தால் அதையும் பாருங்கள். தம்பி ரம்பிள் 25 வீட்டில் பயிற்சிக்கு நல்லது, டிரம்ஸோடு போதாது.

காலியன்-க்ரூகர் எம்பி 110 இன்னொன்று. பத்து அங்குலம், 100 வாட். இதன் நடுப்பகுதி ஒலி எனக்கு ரம்பிளைவிடப் பிடிக்கும். விரல் தந்தியை விட்டு விலகும் அந்த ஓசை தெரிகிறது.

ஃபில் ஜோன்ஸ் நிறுவனத்தின் டபுள் ஃபோரில் நான்கு அங்குல ஸ்பீக்கர் இரண்டுதான் இருக்கிறது. பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் பாடகரோடு இருவராக வாசிக்கையில் அதன் தெளிவை நான் நேரில் கேட்டிருக்கிறேன். முன்வரிசையில் இருந்தவர்கள் ஆம்ப் எங்கே என்று தேடினார்கள். டிரம்ஸ் வந்தால் அதன் எல்லை தெரிந்துவிடும். உங்கள் மூவருக்கு அது போதாது என்றே நினைக்கிறேன்.

ஏஇஆர், அக்கூஸ்டிக் இமேஜ் இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். நியாயம்தான், இந்த வாத்தியத்தை மனதில் வைத்து யோசித்தவர்கள் செய்தவை. ஆனால் விலை உங்கள் கணக்குக்குள் வராது, பழையதும் கீழே இறங்குவதில்லை.

என் ஆலோசனை இதுதான்: 250 முழுவதையும் பெட்டியில் போடாதீர்கள். பழைய ரம்பிள் 40 ஒன்று, மிச்சத்தில் பழைய ப்ரீஆம்ப் ஒன்று. ஃபிஷ்மன் பிளாட்டினம் ப்ரோ ஈக்யூ, ஹெட்வே ஈடிபி-2 போன்றவை. நாட்ச் (ஒரே ஒரு சுரத்தை மட்டும் குறைப்பது), ஃபேஸ் சுவிட்ச் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது), கீழ்வெட்டு (கீழ் ஒலியை வெட்டுவது) எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். நாளை ஆம்பை மாற்றினாலும் அது உங்களோடு வரும்.

பிப்ரவரி 7

ஒருவர் கேட்டிருக்கிறார்: அக்கூஸ்டிக் கிட்டார் ஆம்ப் ஏன் கூடாது? கூடும். ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினியைக் கொண்டு டபுள் பாஸ் வாசிப்பவர்கள் நிறையப் பேர். 60 வாட், ஆறரை அங்குல ஸ்பீக்கர், ட்வீட்டர், மைக்குக்குத் தனி சேனல், ஃபேஸ் சுவிட்ச். பீசோவை மனதில் வைத்தே செய்ததால் முதல் செருகலிலேயே ஒலி இயல்பாக இருக்கும். கீழ் ஒலியில் சதை குறைவு. பாடகர், கிட்டார், நீங்கள் என்றால் இதுவே என் முதல் தேர்வு. பாடகருடைய மைக்கையும் இதிலேயே போட்டுவிடலாம். டிரம்ஸ் உண்டு என்றால் ரம்பிள் பக்கம் போங்கள்.

பிப்ரவரி 10

இப்போது ஊளை. இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் டபுள் பாஸ்காரர்கள் ஆம்பை வெறுக்கக் காரணமே இதுதான்.

பாஸ் என்பது ஒரு பெரிய வெற்றுப் பெட்டி. உள்ளே இருக்கும் காற்று 60 ஹெர்ட்ஸ் சுற்றிலும் மேற்பலகை 100 ஹெர்ட்ஸ் சுற்றிலும் அதிரத் தயாராகவே இருக்கும். வாத்தியத்துக்கு வாத்தியம் இது கொஞ்சம் மாறும். ஸ்பீக்கரிலிருந்து அந்த ஒலி வந்தால் பலகை அதிரும், பிரிட்ஜ் அதிரும், பிக்கப் அதைத் திரும்ப ஆம்புக்கு அனுப்பும். அதனால்தான் ஏ தந்தியில் பி பிளாட், பி, அப்புறம் திறந்த ஜி, இந்த இடங்களில் ஊளை கிளம்புகிறது. பாஸ் நாபைக் கூட்டினால் நேராக அந்த இடத்தைத்தான் தூக்குகிறீர்கள்.

நான் செய்யும் வரிசை இது. முதலில் ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைப்பேன். தரையும் மூலையும் கீழ் ஒலியைக் கூட்டித் தரும். சின்னப் பெட்டிக்கு அது உதவி என்று சிலர் சொல்வார்கள், அறை அதிரும்போது உதவி உபத்திரவமாகிவிடும். நாற்காலியில் இருந்தால் காதுக்கு நேராக ஒலி வருகிறது, நாம் தேவையில்லாமல் சத்தத்தைக் கூட்ட மாட்டோம். பெட்டியின் முகம் பாஸின் எஃப் துளைகளை (மேற்பலகையில் எஃப் எழுத்து வடிவில் உள்ள துளைகள்) நோக்கி இருக்கக் கூடாது. என் இடப்பக்கம், ஓரடி பின்னால், கொஞ்சம் வெளிப்புறம் திருப்பி.

இரண்டாவது, ஹை-பாஸ் ஃபில்டர், மேலே சொன்ன கீழ்வெட்டுதான். பெயர் குழப்பும், இங்கே பாஸ் என்றால் கடக்க விடுவது: மேலே உள்ளதை விட்டுவிட்டுக் கீழே உள்ளதை வெட்டும். பாதி சத்தத்தில் வாசித்துக்கொண்டே ஃபில்டரை மெல்ல மேலே ஏற்றுங்கள். ஒலி மெலியத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து ஒரு துளி கீழே இறக்கி விட்டுவிடுங்கள். சின்னப் பெட்டியில் இது 60-லிருந்து 80-க்குள் எங்காவது நிற்கும். தனியாகக் கேட்டால் "எங்கே என் கீழ் ஒலி?" என்று மனம் வலிக்கும். பியானோவோடு கேட்டால் பாஸ் தெளிவாக முன்னால் வந்து நிற்கும்.

மூன்றாவது ஃபேஸ் சுவிட்ச். அழுத்திப் பாருங்கள், நல்லதாகத் தோன்றும் பக்கம் விடுங்கள். ஆம்புக்கும் பாஸுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்து எது சரி என்பது மாறும், அதனால் இடத்துக்கு இடம் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதற்கும் அடங்காமல் ஒரே ஒரு சுரம் மட்டும் கத்தினால்தான் நாட்ச். அந்தச் சுரத்தைத் தேடிப் பிடித்து அதை மட்டும் குறையுங்கள். எஃப் துளைகளில் ஸ்பாஞ்ச் அடைப்பதும் வேலை செய்யும், நான் சத்தமான இரவுகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் இது தெரிந்திருக்க வேண்டியது. பாஸ் ஆம்ப் நிறுவனமான ஆம்பெக்கின் பெயரே டபுள் பாஸிலிருந்து வந்தது. பாஸ் வாசிப்பவரான எவரெட் ஹல், 1946-ல், வாத்தியம் தரையில் நிற்கும் அந்தக் கீழ்க்கம்பியின் (ஆங்கிலத்தில் பெக்) மேல்முனையில் ஒரு மைக்கைப் பொருத்தி பாஸின் உடம்புக்குள் நிற்க வைத்தார். ஆம்ப்ளிஃபைடு பெக், சுருக்கினால் ஆம்பெக். மின்சார பாஸ் கிட்டாரான ஃபெண்டர் பிரிசிஷன் வந்தது 1951-ல். பாஸ் ஆம்ப் என்ற யோசனை அதற்கும் முன்னால் நம் வாத்தியத்துக்காகப் பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. நமக்காகத் தொடங்கிய கடையில் இன்று நமக்குத்தான் பொருள் குறைவு.

எழுபதுகளில் பீசோ, இரும்புத் தந்தி, பாலிடோன் மினி ப்ரூட் ஆம்ப் என்று ஒரு கூட்டணி அமைந்தது. ஜாஸ் பாஸ் கலைஞர் ரான் கார்ட்டரின் அந்தக் காலப் பதிவுகள் சிலவற்றில் பிக்கப்பின் ஒலி நேராகவே கேட்கும். இழுபட்ட, நீண்டு நிற்கும் சுரம். பின்னால் வந்தவர்களில் பலர் அதை வேண்டாம் என்று மைக்குக்கும் குடல் நரம்புத் தந்திக்கும் திரும்பினார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் எந்த ஒலி தலைக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பிப்ரவரி 18

மேலே பத்து மெகா ஓம் என்று எழுதியதில் ஒரு சேர்க்கை. பல பிக்கப்களின் கொள்ளளவு ஒரு நானோ ஃபாரட்டைவிட அதிகம். மூன்று என்றால் ஒரு மெகா ஓமிலேயே 53 ஹெர்ட்ஸ் வந்துவிடுகிறது, அது தாராளம். அப்படிப்பட்ட பிக்கப் உள்ளவர் ப்ரீஆம்ப் இல்லாமலே நல்ல ஒலி பெறலாம். இன்னொன்றும் யோசித்தேன்: 10-ம் தேதிக் குறிப்பில் கீழ் ஒலியை வெட்டச் சொல்கிறேன், 3-ம் தேதிக் குறிப்பில் அதைக் காப்பாற்றச் சொல்கிறேன், முரண் இல்லையா? இல்லை. இம்பீடன்ஸ் குறைந்து போகும்போது எங்கே வெட்டு விழுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. பாஸின் உடலொலி இருக்கும் இடம் வரைக்கும் தின்றுவிடும். முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டு, அறையைப் பார்த்து, வேண்டாததை நீங்களே வெட்டுவதுதான் சரி. ஆனாலும் ஒரு மெகா ஓமில் உங்கள் காதுக்குப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். கணக்குக்காக யாரும் வாசிப்பதில்லை.

பிப்ரவரி 25

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியவை. உங்கள் பாஸையே கொண்டுபோங்கள். கஷ்டம்தான், ஆனாலும் கொண்டுபோங்கள். கடைக்காரர் கொடுக்கும் பாஸ் கிட்டாரில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். ஈ தந்தியை மெதுவாக, நீளமாக வாசித்து ஸ்பீக்கர் உரசுகிறதா என்று கேளுங்கள். நாப்களைத் திருப்பும்போது கரகரத்தால் பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும், அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லலாம். பிறகு நண்பரை வாசிக்கச் சொல்லி ஐந்து மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கும்போது பிடித்த ஒலி தூரத்தில் கரைந்துபோவதும், பக்கத்தில் கடுமையாக இருந்தது தூரத்தில் அழகாவதும் உண்டு.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்பக்கம் 120 வோல்ட் மட்டுமா, 230-ம் உண்டா என்று படித்த பிறகே செருகுங்கள்.

தூக்கிப் பார்க்கவும் வேண்டும். ஒரு கையில் பாஸ், மறு கையில் பெட்டி, மாடிப்படி. கடையில் லேசாகத் தோன்றும் பத்துக் கிலோ இரவு பதினொன்றரைக்கு வேறு எடை. கார் இல்லாதவருக்கு எட்டுக்கும் பத்துக்கும் உள்ள இரண்டு கிலோ, 40-க்கும் 100-க்கும் உள்ள நான்கு டெசிபலைவிட முக்கியம் என்பேன்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் பழைய ரம்பிள் 40-ம் பழைய ப்ரீஆம்பும் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். ஊளை நின்றுவிட்டதாம், பியானோக்காரர் இடக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாராம். படித்துச் சந்தோஷப்பட்டேன். வில்லால் வாசித்தால் மட்டும் தகரம் கீறுவதுபோல் இருக்கிறது, என்ன செய்வது என்கிறார்.

பீசோ வில்லின் உரசலை அப்படியே பிடிக்கும். காற்றில் நாலடி வந்து மெருகேறும் வாய்ப்பு அந்த ஒலிக்குக் கிடைப்பதில்லை. இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். வாசிக்கும் இடையில் நாபைத் திருப்ப முடியாதென்றால், விரலுக்குப் பிடிக்கும் அளவைவிட ட்ரெபிளை ஒரு படி குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாலட் (மெதுவான பாட்டு) ஒன்றில் மட்டும் வில் என்றால், ஆம்பின் வால்யூமை முழுவதும் இறக்கிவிட்டு வெறும் வாத்தியத்திலேயே வாசியுங்கள். நீங்கள் சொல்லும் அளவுள்ள காஃபி கடையில், பிரஷ் டிரம்ஸோடு, வில்லின் ஒலி கடைசி மேசை வரை போகும்.